புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு சனிக்கிழமை: மனசுக்கான வகுப்புக்குப் போய்வந்த கதை

டாக்டர் "புராஸ்டேட் கிளாண்ட்" என்று சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது கிளாண்ட் கயிறுதான். கோவை கணபதியில் முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் பம்ப் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவன் நான். ஷாஃப்ட்டைச் சுற்றிக் கயிறு அடைத்து, நட்டு முறுக்கி, தண்ணீர் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. எனக்கே கிளாண்டில் கோளாறு என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. 11.4. ஊசி விட்டு 12 இடத்தில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான், அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பு 3+4 என்று வந்தது. அறுபத்தாறு வயதில் ஆபரேஷன், மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் அந்தச் சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள், மூத்திரம் போக பத்து நாள் டியூப். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

கோவையில் ஒரு மருத்துவமனை, புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஆண்களுக்காக எட்டு வாரம் ஒரு குழு நடத்துகிறது. சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஆரம்பித்து பன்னிரண்டு வரை. ஒரு வாரத்துக்கு 200 ரூபாய். தனியாக உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் 600. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் அங்கேதான் போகிறேன்.

முதல் குறை, இப்படி ஒன்று இருப்பதே ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் தையல் பற்றி இருந்தது, டியூப் பற்றி இருந்தது, முக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, எல்லாம் இருந்தது. மனசைப் பற்றி ஒரு வரி இல்லை. பில் கட்டும் இடத்தில் நிற்கும்போது சுவரில் ஒரு காகிதம் பார்த்தேன். அதன் பாதியை முழு உடல் பரிசோதனைச் சலுகை போஸ்டர் மறைத்திருந்தது. "சிகிச்சைக்குப் பின் ஆண்களுக்கான..." என்பது வரைதான் தெரிந்தது. பில் போடும் பெண்ணிடம் கேட்டதற்கு, "அது என்னன்னு எனக்கும் தெரியலீங்க, மூணாவது மாடில கேளுங்க" என்றாள்.

அந்த ஏழு மாதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் நான் எதற்கு 200 ரூபாய் கொடுத்தேன் என்று புரியும்.

மூத்திரம் ஒழுகியது. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால், சொட்டு. டியூப் எடுத்த புதிதில் நாளைக்கு ஐந்து பேடு, நாலாவது மாதத்தில் மூன்று. முதல் தடவை மெடிக்கலில் போய்க் கேட்டபோது கடைப்பையன் ஒன்றும் பேசாமல் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தான். வீட்டுப் பெண்களுக்கு வாங்கும்போது எத்தனையோ தடவை அந்தக் கறுப்புக் கவரைக் கையில் வாங்கியிருக்கிறேன். எதற்குச் சுற்றுகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்குத்தான் யோசித்தேன், அதுவும் கடையிலிருந்து வீடு வரைக்கும்.

கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். டவுன் பஸ் ஏறுவதை நிறுத்தினேன். பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் "அசதியா இருக்குது" என்றேன். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான்: "கேன்சரையே ஜெயிச்சுட்டீங்க, இனி என்னங்க கவலை?" நானும் தலையாட்டுவேன். உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, அதில் என்ன வரும், இந்த வாரம் முதுகு வலிக்கிறதே அது எலும்புக்குப் போய்விட்டதா. இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் விடிய விடிய அதுதான்.

மகள் பார்த்துவிட்டு வேறொரு ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். 45 நிமிஷத்துக்கு 1,500 ரூபாய். அவர் லேப்டாப்பைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் "நல்லதையே நினைங்க, தினமும் வாக்கிங் போங்க" என்றார். வாக்கிங் போனால்தான் ஒழுகுகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சரி, மூன்றாவது மாடிக்கு வருவோம்.

முதல் சனிக்கிழமை ஏழு பேர். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லோரும் கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி போட்டோம், காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருத்தர், காய்கறி மண்டிக்காரர் ஒருத்தர், ரிட்டயர்டு ஏட்டு, விளையாட்டு வாத்தியார், பேங்கில் இருந்தவர் இரண்டு பேர், அப்புறம் நான். ஆலோசகர் ஒரு பெண், முப்பத்திரண்டு முப்பத்திமூன்று வயது இருக்கும். என் மகளைவிடச் சின்னவள். இந்தப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று எனக்குக் கூச்சம். "மேடம்" என்று ஆரம்பித்து, இரண்டாவது வாரமே வாய் தவறி "அம்மிணி" என்று கூப்பிட்டுவிட்டேன். அதற்கு அப்புறம் எல்லோருக்கும் அவர் அம்மிணிதான்.

அன்றைக்கு ஒரு தாள் கொடுத்தார். அதில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம், கீழே 0, மேலே 10. கடந்த ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது, கோடு போடுங்கள் என்றார். புற்றுநோய் நோயாளிகளுக்கென்றே உள்ள அளவுகோலாம். 4 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று கணக்கு. நான் 2இல் போட்டேன். எட்டிப்பார்த்தால் விளையாட்டு வாத்தியாரும் 2. ஏட்டு 1. அம்மிணி தாள்களை எல்லாம் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, எழுந்தப்புறம் எவ்வளவு நேரம் முழிச்சிருந்தீங்க, அதை மட்டும் சொல்லுங்கய்யா" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சுற்று முடிந்ததும் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார், மாற்ற வேண்டுமென்றால் மாற்றலாம் என்று. நான் அடித்துவிட்டு 7 போட்டேன். ஏட்டு மட்டும் மாற்றவில்லை.

இரண்டாவது வாரம் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. காலிலிருந்து ஒவ்வொரு தசையாக இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பாதம், கெண்டைக்கால், தொடை என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தோம். "இப்ப வயித்தை நல்லா இறுக்குங்க" என்றார். அவ்வளவுதான். மண்டிக்காரர்தான் முதலில் "அய்யோ" என்றார். அடுத்து பேங்க்காரர். எனக்கும் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் ஏழு பேரில் நாலு பேர் முகம் ஒரே மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் பொள்ளாச்சிக்காரர், "அம்மிணி, வால்வ் இல்லாத பைப்புல பிரஷர் குடுத்தா என்னாகுமுங்க?" என்றார் பாருங்கள், சிரித்துச் சிரித்து எனக்கு மறுபடியும் ஒழுகியது. ஏழு மாதத்தில் இதற்காக நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அம்மிணிக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க, இது என் தப்பு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வயிற்றை விட்டுவிட்டு கை, தோள், தாடை மட்டும். அதோடு மூச்சு: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும் என்று சொல்லி, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிக் காட்டினார். துடிப்பு 88 இருந்தது 79க்கு வந்தது. எனக்கு மீட்டரில் முள் நகர்ந்தால்தான் நம்பிக்கை வரும். இப்போதும் இரவு இரண்டு மணிக்கு இதைத்தான் செய்கிறேன். தூக்கம் எப்போதும் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், பாதி நாள் வருகிறது.

மூன்றாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அரைமணி நேரத்துக்குக் கூட்டிவந்தார்கள். இந்த அரைமணி ஆபரேஷனுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் வாதம். "கேகல் பண்ணுங்க" என்று, ஒழுகாமல் பிடிக்கும் அடித்தசையை இறுக்கும் பயிற்சியை எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். எப்படி என்று யாரும் காட்டவில்லை. ஏழு மாதமாக நான் பின்பக்கத்தையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தப்பாகவே செய்திருக்கிறேன். அதெல்லாம் இல்லை, கூட்டத்தில் காற்றை அடக்குவது போல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். மூச்சு சாதாரணமாகப் போய்வர வேண்டும். ஐந்து எண்ணிப் பிடித்து, ஐந்து எண்ணி விட வேண்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. ஆர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் 1948இல் பிரசவமான பெண்களுக்காகச் சொன்னதாம் இது. "அப்ப நமக்கும் பிரசவம்தாங்க" என்றார் மண்டிக்காரர்.

பிசியோ வரைந்து காட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. ஆணுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்க இரண்டு வால்வு. ஒன்று மூத்திரப்பை வாயில், புராஸ்டேட்டை ஒட்டி. ஆபரேஷனில் சுரப்பியோடு அதுவும் போய்விடுகிறது. கீழே இருக்கும் இன்னொன்றுதான் இனி முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. நான் எழுந்து, கிளாண்ட் கயிறு பற்றி எல்லோருக்கும் சொன்னேன். புதுசாக வரும் பையன்கள் நட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்குவார்கள், ஒரு சொட்டு வரக் கூடாது என்று. ஓட்டிவிட்டால் ஷாஃப்ட் சூடேறி, கயிறு கருகிப் போகும். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர விட வேண்டும், அதுதான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கும். "அப்ப நாமெல்லாம் கரெக்டா ஓடற பம்ப்புங்க" என்றார் விளையாட்டு வாத்தியார். மூன்று பேடு, அந்த வாரத்திலிருந்து ஒழுங்காகப் பயிற்சி செய்து, இன்றைக்கு ஒன்றில் நிற்கிறது. வீட்டிலேயே இருக்கிற நாளில் அதுவும் இல்லை.

நாலாவது வாரம் ரிசல்ட் பயம் பற்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்கும் எவருக்கும் அந்த ஒரு வாரம் நரகம் என்று தெரியும். என்னுடையது 0.03. சுரப்பியை எடுத்த பிறகு 0.2 வரைக்கும் போய், மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால்தான் திரும்பி வந்திருக்கலாம் என்று யோசிப்பார்கள். ஆனால் 0.03 என்பது 0.04 ஆகிவிடுமோ என்று நான் ராத்திரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மிணி சொன்ன வைத்தியம் விசித்திரமாக இருந்தது. கவலைப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள் என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது நிமிஷம், நோட்டில் எழுதிக் கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் வந்தால் "ஐந்து மணிக்கு வா" என்று தள்ளிவிட வேண்டும். நான் பழைய ஜாப் கார்டு புத்தகத்தை எடுத்தேன். "பார்ட்டி பெயர்" என்ற இடத்தில் "முதுகு வலி" என்று எழுதி, "கோளாறு" என்ற இடத்தில் "எலும்புக்குப் போயிருக்குமோ" என்று எழுதினேன். "செய்த வேலை" என்ற கட்டம் பெரும்பாலும் காலி. சில நாள் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது, டீ ஆறிவிடும்.

மண்டிக்காரர் கதை வேறு. அவருக்கு ஆபரேஷன் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. உடம்பெல்லாம் திடீரென்று கொதித்து வேர்க்குமாம். சீரியல் பார்த்து அழுகிறார். முப்பது வருஷம் மண்டியில் ஏலம் கூவிய மனுஷன், "எனக்குப் பைத்தியம் பிடிச்சுருச்சோன்னு பயமா இருக்குதுங்க" என்று சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. அந்த ஊசி ஆண் ஹார்மோனை அடிமட்டத்துக்கு இறக்குவதால்தான் இந்த வேர்வையும் அசதியும் அழுகையும், இது மருந்தின் வேலை, உங்கள் புத்தியின் கோளாறு இல்லை என்று அம்மிணி விளக்கினார். ஊசி போட்ட டாக்டர் இதை ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு அம்மிணியிடம் பதில் இல்லை.

ஆறாவது வாரம் மனைவிகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். இது ஆறாவது வாரம் அல்ல, இரண்டாவது வாரமே நடந்திருக்க வேண்டும். அஞ்சு பேர்தான் கூட்டிவந்தோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் முன் ரூம் கட்டிலுக்கு மாறிவிட்டேன். ராத்திரி அடிக்கடி எழுந்தால் அவளுக்குத் தூக்கம் கெடும் என்று காரணம் சொன்னேன். உண்மை வேறு. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் "ஆண்மைக் குறைவு ஏற்படலாம்" என்று ஒரு வரி இருந்தது. உயிர் பயத்தில் அதை யார் படித்தார்கள்? அதைப் பற்றி டாக்டரிடமும் கேட்கவில்லை, வீட்டிலும் பேசவில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, நனைந்த லுங்கியை நானே துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மிணி மனைவிகளிடம், "இந்த ஏழெட்டு மாசத்துல நீங்க கவனிச்சு, ஆனா கேட்காம விட்டது ஏதாவது ஒண்ணு" என்று கேட்டார். என் வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம், "சோப்புத்தூள் ஒரு கிலோ மாசம் வருமுங்க. இப்ப பத்து நாள்ல தீர்ந்துபோகுது. நான் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. தீரறதுக்கு முன்னாடி வாங்கி ரொப்பி வச்சிருவேன்" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். டப்பா எப்போதும் நிறைந்தே இருந்தது. அதை யார் ரொப்பினார்கள் என்று ஏழு மாதத்தில் நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அதற்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு தடவை, 600 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தோம். அம்மிணி சுற்றி வளைக்காமல் பேசினார். ஆபரேஷனில் அடிபட்ட, ஆண்மைக்கான நரம்பு தேறுவதற்கு ஒன்றரை இரண்டு வருஷம்கூட ஆகும். எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, வயசையும் எந்த நரம்பைக் காப்பாற்றினார்கள் என்பதையும் பொறுத்தது. மாத்திரை இருக்கிறது, ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது. விந்து இனி வராது, ஆனால் உச்சம் என்பது அதோடு போய்விடுவதில்லை. எனக்கு இதில் பாதி புதுச் செய்தி. வீட்டுக்காரம்மா என்னைவிட நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, "கட்டிலைத் திரும்ப உள்ள போடச் சொல்லட்டுங்களா, இல்ல நீங்களே வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மெத்தைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்திருக்கிறோம்.

இனி குறைகள். பெரிய குறை ஒன்று உண்டு, யார் கேட்டாலும் சிரிக்கிறார்கள். சிறுநீர் அடக்க முடியாத ஆண்களுக்கான வகுப்பு நடக்கும் மூன்றாவது மாடியில் ஆண்கள் கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கிறது, அதுவும் பூட்டி. சாவி நர்ஸ் மேசையில். முதல் மூன்று வாரம் போய்ச் சாவி கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. பேங்க்காரர் கடிதம் எழுதிக் கொடுத்தார், அம்மிணியும் சொன்னார். நாலாவது வாரம் பூட்டு போயிற்று, ஐந்தாவது வாரம் திரும்ப வந்தது.

வீட்டுக்குக் கொடுத்த தாள்கள் பாதி இங்கிலீஷில். பொள்ளாச்சிக்காரர் அவற்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், படித்த மாதிரித் தெரியவில்லை. தமிழில் கொடுத்தவையோ அகராதி வைத்துப் படிக்க வேண்டிய தமிழ். மருத்துவமனை ரசீதைக் காட்டிப் பணம் கேட்டால் என் இன்சூரன்ஸ் கம்பெனி படுக்கையில் சேர்ந்தால்தான் என்று சொல்லிவிட்டது. 2017 மனநலச் சட்டம் மனநோய் சிகிச்சைக்கும் மற்ற நோய் மாதிரியே காப்பீடு தர வேண்டும் என்கிறது, பேங்க்காரர் பிரதி எடுத்தே வந்திருந்தார். சட்டம் சரி, என் பாலிசியில் வெளிநோயாளிச் செலவே கிடையாது.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பூட்டு இல்லையென்றால் நாலு.

அந்த நாலில் பாதிக்குக் காரணம் ஏட்டு. முதல் நாள் 1இல் கோடு போட்டு மாற்றாத மனுஷன் என்று சொன்னேன் அல்லவா. ஐந்தாவது வாரம், பேச்சுவாக்கில், "இனி எதுக்குங்க, யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். நாங்கள் வயசானவர்கள் பேசும் பேச்சு என்று விட்டுவிட்டோம். அம்மிணி விடவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரை உட்கார வைத்து, சாவதைப் பற்றி நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்டிருக்கிறார். அன்றைக்கே மகனை வரவழைத்து, மருத்துவமனை மனநல டாக்டரிடம் அவரே கூட நடந்துபோனார். "இது என் வேலைக்கு மேல, மருந்து தேவைப்படுது" என்று சொன்னாராம். தன் வேலையின் எல்லை தெரிந்தவரை எனக்குப் பிடிக்கும். மோட்டார் ரீவைண்டிங் தெரியாத பம்ப் மெக்கானிக் மோட்டாரைப் பிரிக்கக் கூடாது. எங்கள் எல்லோருக்கும் அன்றைக்கு ஒரு நம்பர் எழுதிப் போட்டார்: 14416. அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், காசில்லை, இருபத்திநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும் எவரும் அதைப் போனில் சேமித்து வைக்கலாம். ஏட்டு ஏழாவது வாரம் திரும்பி வந்தார். தெர்மாமீட்டரில் 6 போட்டார். எங்களுக்கு அந்த 6 அவ்வளவு சந்தோஷம்.

எட்டு வாரம் முடிந்ததும் மருத்துவமனை அவ்வளவுதான் என்று விட்டுவிட்டது. தொடர்ச்சிக்கு ஒன்றும் இல்லை. இதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் நாங்களாகவே சனிக்கிழமை பத்தரைக்குக் கூடுகிறோம், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரியில். ஆளுக்கு அரை டீ, ஒரு தேங்காய் பன். முழு டீ குடித்தால் யாருக்கும் அரைமணி தாங்காது. சந்து முனையில் இன்னும் நல்ல டீக்கடை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் இந்த பேக்கரியில் கல்லாவுக்குப் பின்னாலேயே கழிப்பறை, தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டு கிடையாது.